வியாழக்கிழமை மூன்று மணி: ஒரு தையல்காரர் கவுன்சலிங் போய்வந்த கதை

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் முப்பத்தொரு வருடமாகத் தையற்கடை வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடை, சட்டை, பேண்ட் எல்லாம் தைத்தாலும் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது ஐயர்மார் போடுகிற வெள்ளை அங்கிதான். (எங்கள் பக்கத்தில் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையின் குருவானவரை ஐயர் என்று அழைப்போம். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) எந்த ஐயருக்குத் தொப்பை ஏறியிருக்கிறது, யாருக்கு ஒரு கை நீளம் என்பதெல்லாம் என் அளவு நோட்டில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவர் முன்னால் போய் உட்கார்ந்து அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நான் போன இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன் என்பது ஒரு காரணம். அங்கே பெஞ்சில் காத்திருக்கிற யாரும் தாங்கள் வந்தது ஊருக்குத் தெரிய வேண்டும் என்று விரும்பவில்லை என்பது இன்னொன்று. முதல் நாள் நானே, தெரிந்த முகம் எதிர்ப்பட்டால் சர்க்கரை மாத்திரை வாங்க வந்ததாகச் சொல்லத் தயாராக இருந்தேன். எனக்குச் சர்க்கரை கிடையாது. பழைய மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றின் வளாகம், இரண்டு பஸ் மாறி ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம், பலகையில் ‘மேய்ப்புப்பணி ஆற்றுப்படுத்தல்’ என்று எழுத்து (ஐயர் ஒருவர் நம் மனக்கஷ்டத்தைக் கேட்டு ஆலோசனை சொல்வது), எல்லோர் வாயிலும் ‘கவுன்சலிங் ரூம்’. இவ்வளவு போதும்.

என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. அறுவைச் சிகிச்சை, ஆறு கீமோ, இருபத்தைந்து நாள் கரண்டு, அதாவது கதிர்வீச்சு. எல்லாம் முடிந்து இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அவள் நன்றாக இருக்கிறாள். மீன்காரியிடம் முன்னைவிட அதிகமாகப் பேரம் பேசுகிறாள். கெட்டுப்போனது நான். பரிசோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போதே இரவு இரண்டரைக்கு விழிப்பு வரும், நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும். ஒருநாள் நெஞ்சுவலி என்று நினைத்து ஆட்டோ பிடித்து ஓடினேன். இ.சி.ஜி. சரியாக இருந்தது. தைராய்டு பார்த்தார்கள், அதுவும் சரி. இதற்கு நடுவில் ஒரு ஐயரின் அங்கிக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவைத்தேன். தொழிலுக்கு வந்த முதல் வருடத்தில்கூட அந்தத் தவறு செய்ததில்லை.

இதன் மேல் தம்பி விவகாரம். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் எங்கள் அப்பா கட்டிய வீடு, பின்னால் தோட்டம், கிணறு. தம்பி மதில் கட்டும்போது மூன்று அடி என் பக்கம் தள்ளிக் கட்டிவிட்டான். இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. அவன் சொல்வதை அக்கா என்னிடம் சொல்வாள், நான் சொல்வதை அவனிடம் சொல்வாள். அக்காவுக்கு இரத்த அழுத்தம் வந்ததுதான் மிச்சம்.

ஆஸ்பத்திரிக்கு முன்பு நான் போன இடங்களையும் சொல்ல வேண்டும், ஒப்பிட்டால்தானே விமர்சனம். எங்கள் சபை ஐயரைத் தனியாகச் சந்தித்து எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த ஞாயிறு ஆராதனையில், பொதுவான ஜெபக் குறிப்புகளோடு, “நம் தையல்காரர் அண்ணாச்சி குடும்பத்தில் சகோதர சமாதானத்துக்காகவும் ஜெபிப்போம்” என்று மைக்கில் கேட்டது. கெட்ட எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வருட அசனப் பந்தியில் (சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் விருந்து) எனக்குச் சோறு பரிமாறியவர் முதற்கொண்டு மதிலின் நீள அகலத்தை விசாரித்தார். வேறொரு கூட்டத்தில் என் நெற்றியில் கை வைத்து, பயம் விசுவாசக் குறைவு என்று உரத்த குரலில் கட்டளையிட்டார்கள். பயம் போகவில்லை. விசுவாசம் வேறு குறைவாக இருக்கிறது என்ற புதுப் பயமும் சேர்ந்துகொண்டது.

இப்போது அந்த அறைக்கு வருகிறேன். எட்டுக்குப் பத்து இருக்கும். மூன்று பிரம்பு நாற்காலி, மேசையில் தண்ணீர் ஜாடி, ஒரு பெட்டி டிஷ்யூ தாள், பழைய மின்விசிறி. சுவரில் வசன நாட்காட்டி கிடையாது. அதை உடனே கவனித்தேன், ஏனென்றால் நான் தைத்துக் கொடுக்கப் போகிற எந்த ஐயர் வீட்டிலும் குறைந்தது மூன்று தொங்கும். உட்கார்ந்திருந்த ஐயருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. அங்கி இல்லை, சாதாரணச் சட்டை. இடது தோள் தையல் அரை இன்ச் கீழே இறங்கிக் கிடந்தது. ரெடிமேட் வாங்குகிறவர், இவரிடம் என்ன நுட்பம் எதிர்பார்ப்பது என்று மனதுக்குள் மதிப்பெண் குறைத்துக்கொண்டேன்.

அவர் முதலில் சொன்னது ஒரு விதி. “அண்ணாச்சி, நீங்கள் சொல்வது இந்த அறையைவிட்டு வெளியே போகாது. உங்கள் உயிருக்கோ வேறு ஒருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் நான் பேசாமல் இருக்க முடியாது. அதையும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்.” மைக்கில் பெயர் வந்த பிறகு இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்பது எப்படி இருக்கும் என்பதை மைக்கில் பெயர் வந்தவர்கள்தான் அறிவார்கள்.

முதல் ஐம்பது நிமிடத்தில் அவர் பேசியது மொத்தம் பத்து வாக்கியம் இருக்குமா? ஜெபிக்கலாமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். சரி என்றார். எந்த ஐயரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். கிளம்பும்போது ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வசனம் என்று நினைத்து வாங்கினேன். அதே வளாகத்து மனநல மருத்துவரின் அறை எண்.

எனக்குக் கோபம் வந்தது. பைத்தியம் என்று நினைத்துவிட்டீர்களா என்றே கேட்டேன். அவர் எலியாவின் கதையை எடுத்தார். சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொன்ன தீர்க்கதரிசி. தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுத் தூங்கினார். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்ற கேள்வி அதற்கப்புறம் நாற்பது நாள் கழித்துத்தான் வருகிறது. “உங்களுக்கு மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. தூங்காத மனிதனிடம் நான் என்ன பேசினாலும் ஏறாது” என்றார். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் அந்தக் கதைக்கு நான் பரிசு வாங்கியிருக்கிறேன். அடையை மட்டும் கவனிக்கவில்லை.

மருத்துவர் மாத்திரை கொடுத்தார். இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், அதற்குள் நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார். மூன்றாவது வாரக் கடைசியில் ஒருநாள் விழித்துப் பார்த்தால் மணி ஐந்தரை. ஜெபக்காரர்கள் கோபிக்கலாம், ஆனால் இந்த விமர்சனத்தில் முதல் நட்சத்திரம் அந்தச் சீட்டுக்கு.

அறையில் கற்றுக்கொண்ட ஒரு சிறு வேலை: மாலை ஆறே காலுக்கு, கடையில் விளக்குப் போட்டதும், பதினைந்து நிமிடம் கவலைப்பட உட்கார வேண்டும். என் அளவு நோட்டின் பின்பக்கத்தில் எல்லாப் பயத்தையும் எழுத வேண்டும். வேறு நேரத்தில் பயம் வந்தால், ஆறே காலுக்கு வா என்று சொல்ல வேண்டும். கேட்கும்போது சிறுபிள்ளைத்தனமாக இருந்தது. முதல் வாரம் ஒரு பக்கம் நிரம்பியது, நான்காவது வாரம் பதினைந்து நிமிடத்துக்குப் பயம் போதவில்லை, கடைசி ஐந்து நிமிடம் பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன், இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது வியாழக்கிழமை, பத்திரத்தின் நகலையும் மதிலின் போட்டோவையும் பையில் கொண்டுபோயிருந்தேன். ஐயர் என் தம்பியைக் கூப்பிட்டு, மதிலை இடி என்று சொல்ல வேண்டும். அவன் ஐயர்மார் சொன்னால் கேட்பவன். அதுதான் என் திட்டம். அவர் போட்டோவைப் பார்த்தார், மதில் நன்றாகக் கட்டியிருக்கிறார்கள் என்றார், திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு லூக்கா 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து 13, 14 வசனங்களை என்னையே வாசிக்கச் சொன்னார். கூட்டத்தில் ஒருவன் இயேசுவிடம், ஆஸ்தியைப் பாகம்பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்கிறான். என்னைப் பங்கிடுகிறவனாக வைத்தது யார் என்று அவர் கையை விரித்துவிடுகிறார். “அவரே மாட்டேன் என்ற வேலை, அண்ணாச்சி. எனக்கு எதற்கு? நிலத்துக்கு சர்வேயர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார். தம்பிக்கு யார் இருக்கிறார்கள், அதைப் பேசுவோம்.”

வீட்டுக்கு வந்து அடுத்த வசனத்தையும் வாசித்தேன். 15-ஆம் வசனம் பொருளாசையைப் பற்றியது. மனுஷர் அதை வேண்டுமென்றே என்னிடம் வாசிக்கச் சொல்லவில்லை. நிறுத்திய இடத்தை நினைத்து அன்று இரவு எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது.

அடுத்த முறை கேட்டார்: மதில் வருவதற்கு முன்பு என்ன நடந்தது? ஒன்றும் இல்லை என்றேன். வருடம், மாதம் சொல்லுங்கள் என்றார். சொல்லிக்கொண்டே வந்தபோது நானே திடுக்கிட்டேன். மதில் எழும்பியது மனைவிக்குக் கடைசி கீமோ முடிந்த மாதம். அதற்கு முந்தைய ஐந்து மாதமும் தம்பி ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. அவள் தலைமுடி கொட்டிக் கிடந்தபோது, சிறு வயதில் அவனுக்கு அம்மாவாக இருந்து சோறு போட்ட மதினியை ஒருமுறை எட்டிப் பார்க்கவில்லை. மூன்று அடி மண் எனக்கு எதற்கு? அந்தப் பக்கம் ஒரு முருங்கை மரம்தான் நிற்கிறது. டிஷ்யூ தாள் அன்றைக்குத்தான் தேவைப்பட்டது.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அக்காவை நடுவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார். மத்தேயு 18-இல் சகோதரன் குற்றம் செய்தால் நீயும் அவனும் தனித்திருக்கும்போது போய்ச் சொல் என்றுதான் இருக்கிறது, அக்காவிடம் சொல்லி அனுப்பு என்று இல்லை என்றார். பேசப்போகிற முதல் மூன்று வாக்கியங்களை அவரிடம் சொல்லிக்காட்டிப் பழகினேன். முதல் முயற்சியில் மூன்று வாக்கியத்திலும் ‘மதில்’ வந்தது. மூன்றாவது முயற்சியில்தான் ‘மதினி’ வந்தது.

இன்னொரு கேள்வியையும் அவரிடம் கேட்டேன், எனக்காக அல்ல. கடைக்கு வந்து பொத்தான் கட்டிக் கொடுக்கும் பெண் ஒருத்தி கணவனிடம் அடி வாங்குகிறாள். அவளை அனுப்பினால், பொறுத்துக்கொள் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களா? முதலில் அவள் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்றார். பெண்களுக்கான உதவி எண் 181-ஐச் சொன்னார், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைச் சொன்னார். மன்னிப்பதும் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதும் ஒரே காரியம் அல்ல என்றார். ஆனால் அவளை யாரிடம் அனுப்புவது? பெண் ஆலோசகர் மாதத்தில் முதல் சனிக்கிழமை மட்டும்தான் வருகிறார். அடி விழுவது மாதத்தில் ஒருநாள் அல்லவே. என் மனைவிக்கும் பேச விருப்பம் இருந்தது, ஆண் ஐயரிடம் மார்பு அறுவையைப் பற்றி எப்படிப் பேசுவாள்? இதுதான் அந்த இடத்தின் பெரிய குறை, இதைச் சரிசெய்யாமல் பலகையில் எத்தனை அழகாக எழுதினாலும் பாதிப் பேருக்குக் கதவு சாத்தியே இருக்கும்.

வேறு குறைகள். பெஞ்சு மருந்துக்கடை வரிசைக்கு நேர் எதிரே போடப்பட்டிருக்கிறது. மறைக்க ஒரு திரைத்துணி போதும், பத்து மீட்டர் நானே தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன், பதில் இல்லை. ஒரு வியாழக்கிழமை ஐயர் அடக்க ஆராதனைக்குப் போய்விட்டார். சாவை யாரும் குறை சொல்ல முடியாது, ஆனால் ஒரு போன் செய்திருந்தால் எனக்கு மூன்றரை மணி நேரப் பயணம் மிச்சம்.

நான்காவது முறை உள்ளே போனால் மூலையில் ஓர் இளைஞர், மடியில் நோட்டு. இறையியல் மாணவர், பயிற்சிக்கு வந்திருக்கிறார் என்றார்கள். உட்கார்ந்த பிறகுதான் என்னிடம் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகள் உரையாடலை வரிக்கு வரி எழுதி, ஆசிரியரிடம் காட்டித் திருத்தம் வாங்க வேண்டுமாம். பெயரை மாற்றிவிடுவார்களாம். என் அழுகை ஒருவருக்கு வீட்டுப்பாடம் ஆவதா என்று எழுந்து நின்றுவிட்டேன். ஐயர் மன்னிப்புக் கேட்டு மாணவரை வெளியே அனுப்பினார். பிறகு அந்தப் பயிற்சி வந்த கதையைச் சொன்னார். அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் 1920-இல் புத்தி கலங்கி மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குணமாகி வெளியே வந்தவர், 1925-இல் மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டர் அரசு மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்துப்போய், புத்தகத்தை மட்டும் படித்தால் போதாது, துன்பப்படுகிற மனிதரையும் படியுங்கள் என்று பயிற்சி தொடங்கினார். இன்று ஆஸ்பத்திரிகளில் போதகர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி அங்கே ஆரம்பித்ததுதான். கதை நன்றாக இருந்தது. படுக்கையில் கிடந்தவர் உண்டாக்கிய படிப்பு என்றால் மரியாதைதான். அடுத்த வாரம் அந்த மாணவரை நானே உள்ளே கூப்பிட்டேன். ஆனாலும் சொல்கிறேன், அனுமதியை வாசலில் கேட்க வேண்டும், நாற்காலியில் உட்காரவைத்து அல்ல.

ஐந்தாவது வியாழன் என் மனைவியின் பரிசோதனைக்கு முந்தைய நாள். ஏன் அவளுக்கு வந்தது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். முப்பது வருடம் பாடகர் குழுவில் பாமாலை பாடியவள், யார் குடியையும் கெடுக்காதவள். அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. 88-ஆம் சங்கீதத்தை வாசித்தார். 150 சங்கீதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று முறையீடுதான். ஆனால் மற்றவற்றில் பெரும்பாலானவை எப்படியாவது கடைசியில் நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. சிநேகிதர் விலகிப்போனார்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது. வாசித்து முடித்து அவரும் சும்மா இருந்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும். எந்தக் கோயிலிலும் அந்தச் சங்கீதத்தைப் பிரசங்கமாக நான் கேட்டதில்லை. அப்படி ஒரு புலம்பலையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதே அன்று எனக்குப் போதுமாக இருந்தது. மறுநாள் பரிசோதனை முடிவு நன்றாக வந்தது. ஆனால் முதல் நாள் இரவே நான் தூங்கியிருந்தேன், அதைக் குறித்துவைக்கிறேன்.

செலவு: பதிவுக்கு ஐம்பது ரூபாய், ஒரே முறை. அப்புறம் கட்டணம் இல்லை, மேசையில் காணிக்கை உறை இருக்கும். இந்த உறை எனக்குப் பிடிக்கவில்லை. எவ்வளவு வைப்பது என்று ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் கணக்குப் போட வேண்டியிருக்கிறது, வைக்காதவர் கூனிக்குறுகி வெளியே வருகிறார். இருநூறோ முந்நூறோ, தொகையை எழுதிப்போட்டு, முடியாதவருக்கு இலவசம் என்று சொல்லிவிடலாம்.

யார் போகலாம் என்று கேட்டால், துக்கம், பயம், வீட்டுச் சண்டை என்று மனசு கனத்தவர் எந்தச் சபைக்காரராக இருந்தாலும் போகலாம். என்னோடு பெஞ்சில் ஒரு இந்துப் பெரியவரும் இருந்தார், யாரும் அவரை ஞானஸ்நானத்துக்கு அழைக்கவில்லை என்று அவரே சொன்னார். சொத்துத் தீர்ப்பு வேண்டுபவர் போக வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறவர் வியாழக்கிழமைவரை காத்திருக்கவே வேண்டாம். 2022 அக்டோபரிலிருந்து மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இருக்கிறது, இரவு இரண்டரைக்கும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. எனக்கு அந்த எண் முன்பே தெரிந்திருந்தால் ஆட்டோவுக்குக் கொடுத்த முந்நூறு ரூபாய் மிஞ்சியிருக்கும்.

தம்பியிடம் பேசினேன். மதில் அங்கேயேதான் நிற்கிறது. பேசியது பத்து நிமிடம், அதில் ஏழு நிமிடம் அவன் மௌனம். வராததற்கு அவன் ஒரு காரணம் சொன்னான், எங்கள் அம்மா இதே நோயில் போனதை அவன் பக்கத்திலிருந்து பார்த்தவன். அது எனக்குப் போதுமா என்று இன்னும் தெரியவில்லை. போன வாரம் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கட்டு முருங்கைக்காய் வந்தது. அக்காதான் கொண்டுவந்தாள் என்றாலும், சேதி எதுவும் சொல்லவில்லை.

ஆறாவது வியாழன் முடிந்ததும், ஐயா, உங்களுக்கு ஒரு சட்டை தைத்துத் தருகிறேன் என்றேன். வந்துபோகிறவரிடம் எதுவும் வாங்குவதில்லை என்றார். இனி வரமாட்டேனே என்றேன். யோசித்துவிட்டு, கடைக்கு வருகிறேன், பில் போட வேண்டும் என்றார். வந்தார். அளவு நாடாவைத் தோளில் வைத்துப் பார்த்தால் இடது தோள் வலது தோளைவிட அரை இன்ச் இறக்கம். சிறு வயதில் பனையிலிருந்து விழுந்ததாம். நான் ஆறு வாரமாகக் குறை சொல்லிக்கொண்டிருந்த சட்டை சரியான சட்டைதான். நோட்டில் இடது, வலது என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டேன். காஜா போட்டால் முடிந்தது, சனிக்கிழமை வாங்கிக்கொள்ள வருகிறார்.